தமிழ் ஃபைல்ல தேடி மாத்த செட் (sed) நல்லதா, பேர்ல் (Perl) நல்லதா?

ஹட்டன்னும் எழுதுறாங்க அட்டன்னும் எழுதுறாங்க, ரெண்டுமே நம்ம மலையகத்துல புழக்கத்துல இருக்கு, அதனால ஸ்கூல் மலர், வாசிகசாலை லிஸ்ட், கோயில் நோட்டீஸ்னு டெக்ஸ்ட் ஃபைலெல்லாம் ஒரு ஃபோல்டர்ல சேத்து வச்சா ஒரே ஊரு ரெண்டு ஊரா நிக்குது. இதை ஷெல் ஸ்கிரிப்ட்ல, அதாவது கமாண்டுகளை வரிசையா எழுதி வச்ச ஃபைல்ல, மொத்தமா மாத்த 1970கள்ல பெல் லேப்ஸ்ல லீ மக்மஹன் எழுதின செட்ங்கிற கமாண்டும் இருக்கு, 1987ல லேரி வால் வெளியிட்ட பேர்ல்ங்கிற புரோகிராம் மொழியும் இருக்கு.

சின்ன வேலைக்கு செட் போதும். எந்தெந்த ஃபைல்ல அந்தச் சொல் இருக்குன்னு கிரெப்ங்கிற (grep) தேடுற கமாண்ட்ல லிஸ்ட் எடுத்து, லிஸ்ட்டை இன்னொரு கமாண்டுக்குக் குடுக்குற எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) வழியா செட்டுக்குக் குடுத்தா முடிஞ்சுது. ஃபைல் பெயருக்கு நடுவுல ஸ்பேஸ் இருந்தா எக்ஸ்ஆர்க்ஸ் அதை ரெண்டா வெட்டிரும், அதுக்கு கிரெப்ல நல் ஆப்ஷனும் (--null) எக்ஸ்ஆர்க்ஸ்ல மைனஸ் சைபரும் (-0) போடணும். ஃபைலையே நேரா மாத்தச் சொல்ற மைனஸ் ஐ (-i) தான் செட்ல தொல்லை, லினக்ஸ்ல சும்மா போட்டா ஓடும், மேக்ல பேக்கப் ஃபைலுக்கு என்ன பின்னொட்டுன்னு கேக்கும், ஸ்பேஸ் விடாம ஐயோட ஒட்டி டாட் பேக்னு (-i.bak) குடுத்தா ரெண்டு பக்கமும் ஓடும், பழைய கொப்பியும் கையில இருக்கும்.

பேர்ல்ல மைனஸ் ஐ லினக்ஸ்லயும் மேக்லயும் ஒரே மாதிரி. ஆனா ஒவ்வொரு வரியா ஓட்டுற பி, ஃபைலை மாத்துற ஐ, கட்டளையை அங்கேயே எழுத விடுற ஈ, இந்த மூணையும் அந்த வரிசையில ஒட்டி (-pie) எழுதிறாதீங்க, ஈயை அது பேக்கப் பின்னொட்டுன்னு எடுத்துக்கும். ஐயைத் தனியா எழுதுங்க.

எதுல தேடினாலும் ஹட்டன்னு புள்ளியோட குடுத்தா ஹட்டனில், ஹட்டனுக்கு எல்லாம் தப்பிச்சிரும், ஏன்னா அங்க ன மேல புள்ளியே இல்ல. கடைசிப் புள்ளியை விட்டுட்டுத் தேடுங்க, எல்லாம் மாட்டும்.

நான் பேர்ல் பக்கம் நிக்கிறது கொட்டகலைங்கிற ஊர்ப் பெயரால. யூனிகோட்ல, அதாவது ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒரு எண் குடுக்குற முறையில, அந்த "கொ"வை கொம்பும் காலும் சேந்த ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா ஒண்ணைத் தேடினா மத்தது கிடைக்காது. செட்டுக்கு இதெல்லாம் வேற வேற எழுத்து தான், கொ, கோ, கௌ வர்ற ஒவ்வொரு சொல்லுக்கும் நாமளே ரெண்டு விதி எழுதணும். பேர்லோட வர்ற யூனிகோட் நார்மலைஸ் மொட்யூலை வச்சு எல்லாத்தையும் பிரிஞ்ச குறிகளைச் சேத்து ஒரே குறியாக்குற என்எஃப்சி (NFC) வடிவத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் தேடினா ஒரே விதி போதும், யூனிகோடை ஃபைல்ல சேமிக்கிற முறையான யூடிஎஃப் 8 (UTF-8) ஆப்ஷன்களை மட்டும் மறக்காமப் போடணும்.

பாமினி ஃபொன்ட்ல அடிச்ச பழைய ஃபைலுக்கு ரெண்டும் உதவாது. உள்ள இருக்குறது ஆங்கில எழுத்து, அதை முதல்ல யூனிகோடுக்கு மாத்திட்டு வாங்க.