பாரதக் கூத்துக் கேசட்டுகளும் பன்னிரண்டு வயது டெக்கும்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு இந்த ஜப்பானியக் கேசட் டெக் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. டேப்பைத் தொட்டு ஒலியைக் கையாளும் ஹெட் மூன்று, ஊசி மீட்டர் இரண்டு. ஆற்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் அப்பா பதிவு செய்த 40 பாரதக் கூத்துக் கேசட்டுகளுக்காகவே இதை வாங்கினேன்.

அழிக்க ஒன்று, பதிய ஒன்று, கேட்க ஒன்று என ஹெட்டுகள் தனித்தனி. பதிந்துகொண்டே பதிந்ததைக் கேட்கலாம். நல்ல வசதிதான், ஆனால் நான் பதிவதே அரிது. எனக்குக் கைகொடுத்தது கேட்கும் ஹெட்டின் ஓரத்தில், அதன் சாய்வை மாற்றும் சின்னத் திருகு. அப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்திருக்க வேண்டும். முதல் நாள் கட்டியங்காரன் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. கேசட் ஓட ஓட, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். முதலில் தாளம் கணீரென்றது. அடுத்து முகவீணை என்ற ஊதுகருவி. பிறகு, கூட்டத்தில் ஒரு குழந்தை அழுவதுகூடக் கேட்டது! திருப்புவதற்கு முன் பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துவையுங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

டெக்கில் டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதி உண்டு. டால்பி பி இரைச்சலைச் சுமார் 10 டெசிபல் குறைக்கும், டால்பி சி சுமார் 20. ஆனால் டால்பியோடு பதிந்த கேசட்டுக்குத்தான் அது. அப்பாவின் பதிவில் போட்டால் இரைச்சலோடு முகவீணையின் கூர்மையும் போய்விடும். அணைத்தே வைத்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டு அக்னி நட்சத்திரத்தில் டெக்கைச் சுழலவைக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தாராக ஒட்டிக்கொண்டது. பஞ்சும் ஆல்கஹாலுமாக ஒரு பகல் முழுக்கத் துடைத்தேன். விரல் கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவர் போட்ட பெல்ட் தளர்வாக இருந்ததால் பாட்டு அலைபோல ஆடியது. நொடிக்கு 4.76 செ.மீ. என்ற வேகம் கொஞ்சம் தள்ளாடினாலும் காது கண்டுபிடித்துவிடுகிறது. சரியான அளவில் பெல்ட் தேடி நானே மாட்டினேன். அதிலிருந்து கோடையில் டெக்கை மாடி அறையில் வைப்பதில்லை.

120 நிமிடக் கேசட்டுகளிடம் மட்டும் கவனம் வேண்டும். அந்த டேப் 60 நிமிடக் கேசட்டில் இருப்பதில் பாதித் தடிமன்தான். அர்ச்சுனன் தபசு மரம் ஏறிய இரவு அப்படி ஒன்றில்தான் இருந்தது. ரோலரில் சுற்றிக்கொண்டு ஒரு சாண் நீளம் கசங்கிவிட்டது. இன்னும் மனம் ஆறவில்லை.

29 கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டேன். மீதி 11. அவற்றில் நான்கு 120 நிமிடக் கேசட்டுகள்; அவற்றை மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.