பிஎஸ்2 உளவாளி கேம் செட்: 380 வெள்ளி போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

சுங்கை சிப்புட், சுத்துவட்டாரத் தோட்டத்து ஆளுங்க கவனிங்க. பழைய பிஎஸ்2 கேம் மெஷின், அதுல சொருகி கையை அசைச்சே ஆடற ஐடாய் கேமரா, 'ஸ்பைடாய்'ங்கற உளவாளி கேம் டிஸ்க், மூணும் சேர்த்து 420 வெள்ளின்னு ஒரு விளம்பரம் ஓடுது. பார்சல் நேத்துதான் வந்துச்சு. வயிறு எரியுது.

விக்கறவன்கிட்ட பேச்சு விற்பனைத் தளத்துல ஆரம்பிச்சு வாட்ஸ்அப்புக்குப் போச்சு. "அங்க கமிஷன் வெட்டுவான், நேரா பேங்க்ல போடுங்க, 380க்குத் தரேன்." கேமராவுல நீல லைட் எரியற வீடியோ ஒண்ணு. கூடவே குரல் பதிவு: "நானும் லயத்துல வளர்ந்தவன்தாங்க, நம்ம ஆளுங்களையே ஏமாத்துவேனா?" அந்தப் பேச்சுக்குத்தான் 380 வெள்ளி. அடியில இருக்கற லேபிளைப் படம் கேட்கக்கூடத் தோணல.

வந்தது ஐடாயே இல்ல. 2007ல பிஎஸ்3க்கு வந்த பிளேஸ்டேஷன் ஐ. ரெண்டுக்கும் யூஎஸ்பி முனை ஒண்ணுதான், சொருகினா உள்ள போகும், ஆனா பிஎஸ்2க்கு அது கண்ணுலயே படாது. ரெண்டுலயும் லென்ஸைச் சுத்தி வளையம் உண்டு. ஐடாய்ல அது ஃபோகஸ், வழுவழுன்னு திரும்பும். மத்ததுல சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளின்னு ரெண்டே இடத்துல நிக்கும், நாலு மைக்கும் இருக்கும். லேபிள்ல ரெண்டுமே பெரும்பாலும் எஸ்எல்இஎச்னு (SLEH) ஆரம்பிக்கும். 00030, 00031ன்னா ஐடாய். 00448ன்னா பிஎஸ்3 கேமரா.

டிஸ்க்கும் வேலைக்கு ஆகாது. அது ஐரோப்பா பக்கம் வித்த 'பால்' (PAL) பதிப்பு. மெஷினோ நம்ம மலேசியாவுல வித்த என்டிஎஸ்சி-ஜே (ஜப்பான், ஆசியப் பதிப்பு), வேற பதிப்பு டிஸ்க்கை ஓட வைக்கற சிப் போடாதது. போட்டா சிவப்புத் திரைதான்.

வித்தவன்கிட்ட கேட்டா, "லைட் பத்தல, டியூப் லைட்டைப் போடுங்க." வெளிச்சம் குறைஞ்சா ஐடாய்ல சிவப்பு லைட் மினுக்கும், அவ்வளவுதான். மெனுவே வராததுக்கு டியூப் லைட் என்ன செய்யும்? அடுத்து, "ஃபேனை நிறுத்துங்க." இது பாதி உண்மை. ஐடாய் கேமராவுக்குக் கிட்ட, தூரம் தெரியாது. முந்தின படத்துலேருந்து எந்தப் புள்ளி மாறிச்சுன்னுதான் பார்க்கும், அதனால பின்னாடி சுத்தற ஃபேனும் அதுக்குக் கைதான். (ஸ்பைடாய்ல கேமராவை அறைக்குக் காவலா விடலாம், அப்படி விட்டா ஃபேனையே திருடன்னு பிடிக்கும்.) ஆனா அதெல்லாம் கேம் ஓடின பிறகு வர்ற தொல்லை! கடைசியா நீல டிக் மட்டும், பதில் இல்ல. தளத்துல கேட்டா "பணம் எங்க வழியா வரல." பேங்க்ல "நீங்களே அனுப்பினதுதானே." 380 வெள்ளிக்கு மேசை மேல ஒரு பொம்மை.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விலாவாரியா எழுத நினைச்சேன், இப்ப பொறுமை இல்ல. லேபிள் படம் கேளுங்க. மெஷினை ஆன் பண்றதுலேருந்து திரையில கை அசையற வரைக்கும் வெட்டாத வீடியோ கேளுங்க. தளத்தை விட்டு வெளிய பணம் போடாதீங்க. போட்டே ஆகணும்னா கணக்கு எண்ணை முதல்ல மோசடிக் கணக்கான்னு காட்டற போலீஸோட செமாக் மியூல் தளத்துல தட்டிப் பாருங்க. மோசம்னு தெரிஞ்சா உடனே மோசடிப் புகார் எண் 997க்குக் கூப்பிடுங்க.

இன்னைக்குக் காலையில அதே விளம்பரம் திரும்ப மேல வந்திருக்கு. அதே நீல லைட் வீடியோ, அதே 420 வெள்ளி.