மொட்டை மாடியா, பழவேற்காடா, கேலரியா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கவுண்ட்டவுன் ஆரம்பம் என்று செய்தி வந்துவிட்டால் எங்கள் தெருவில் இரண்டு கட்சி உருவாகிவிடும். மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. கிட்டப் போகாமல் அது என்ன பார்வை என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். வீடு வடசென்னையில், திருவொற்றியூரில், ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 64 கிலோமீட்டர். தென்சென்னைக்காரர்கள் பீச்சைப் பற்றிப் பெருமை பேசும்போது நான் எடுத்துவிடும் துருப்புச்சீட்டு இதுதான்.

முதலில் கேலரி, அதாவது ஸ்ரீஹரிகோட்டாவிலேயே உட்கார்ந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கும் இடம். இஸ்ரோ 2019-இல் பொதுமக்களுக்காகத் திறந்தது, தொடக்கத்தில் 5,000 பேர் உட்காரும் அளவில். கட்டணம் கிடையாது, ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பெரிய லாஞ்ச் என்றால் இடம் கண்மூடித் திறப்பதற்குள் காலி. இடம் கிடைத்தால் போக்குவரத்து நமக்குத்தான் சுலபம்: கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ சூளூர்பேட்டை வண்டியைப் பிடித்து, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாண்டி இறங்கி, அங்கிருந்து ஏரியைக் கடக்கும் ரோட்டில் தீவுக்குள் போக வேண்டும். ஒரு தடவை போனேன். அந்தச் சத்தத்துக்கு ஈடே இல்லை. சட்டைப் பையில் கிடந்த சில்லறை அதிர்ந்தது. ஆனால் ராக்கெட் அரை நிமிடத்துக்குள் மேகத்துக்குள் போய்விட்டது. அப்புறம் எல்லாரும் திரையைத்தான் பார்த்தோம். திரையைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

அதைவிடப் பெரிய வம்பு, தள்ளிவைப்பு. சந்திரயான்-2 முதலில் 2019 ஜூலை 15 அதிகாலை 2:51-க்குக் கிளம்ப வேண்டியது. குடியரசுத் தலைவரே வந்து காத்திருந்தும், 56 நிமிடம் மீதி இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். கடைசியில் 22-ஆம் தேதி பகலில்தான் போனது. 2024 டிசம்பர் 4-இல் ஐரோப்பாவின் புரோபா-3 செயற்கைக்கோள்களைச் சுமந்த பிஎஸ்எல்வி ராக்கெட்டும் கடைசி நேரத்தில் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. நிறுத்தியது சரிதான், கோளாறோடு அனுப்ப முடியாது. ஆனால் லீவு போட்டுவிட்டு ரயிலேறியவன் பாடு திண்டாட்டம்.

பழவேற்காடு இடைப்பட்டது. ஏவுதளத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், பதிவு எதுவும் தேவையில்லை, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். லாஞ்ச் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வந்துவிடும். அதனால் எந்தச் செய்தி சேனலையும்விடக் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் கேட்பது மேல். "இன்னிக்கு உண்டாண்ணே?" என்றால், "படகெல்லாம் இங்கதானே நிக்குது, பாத்தா தெரியல?" என்று பதில் வரும். சத்தம் 35 கிலோமீட்டர் வர நூறு விநாடிக்கு மேல் ஆகும். பிஎஸ்எல்வியின் முதல் கட்டம், அதாவது அடியில் முதலில் எரியும் பகுதி, எரிந்து முடியவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஆக, கிளம்பிய சத்தம் நம்மிடம் வந்து சேரும்போது, அதை எழுப்பிய மோட்டார் அணையும் தறுவாயில் இருக்கும். முதல் தடவை இது மண்டையில் ஏறவே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் விரல்விட்டுக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

சரி, மாடிக்கு வருவோம். குறைகளை மறைக்கப் போவதில்லை. சத்தம் ஒரு தடவைகூட எனக்குக் கேட்டதில்லை. பூமியின் வளைவு காரணமாக முதல் இருநூறு மீட்டர் உயரம் நம் கண்ணுக்கு வராது. ஏவுதளத்திலிருந்து எழும்பும் காட்சி போச்சு. 44 மீட்டர் உயர பிஎஸ்எல்வி, இவ்வளவு தொலைவில் நிலாவின் அகலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். உருவம் தெரியாது, நெருப்புதான் தெரியும். போதாக்குறைக்கு வடக்கே பார்த்தால் வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

ஆனால் இரவில் பாருங்கள். அந்தப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் அடிவானம் ஆரஞ்சு நிறத்தில் வெளுக்கும். அப்புறம் ஒரு தணல் மேலே ஏறும், அவசரமே இல்லாமல். தென்கிழக்கே போகும் பிஎஸ்எல்வியாக இருந்தால் அது நம்மை விட்டு விலகாது, நம் பக்கமே வரும். இரண்டு நிமிடத்துக்குள் வடக்கிலிருந்து கிழக்கே கடல் மேலே, பாதி வானம் உயரத்துக்கு வந்துவிடும். அங்கே சட்டென்று தணல் அணையும். முதல் தடவை பார்ப்பவர்கள் "அய்யய்யோ" என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, திட எரிபொருள் தீர்ந்து முதல் கட்டம் கழன்றிருக்கிறது. பைனாகுலரில் விடாமல் தொடர்ந்தால், திரவ எரிபொருளில் ஓடும் இரண்டாம் கட்டம் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெற்கே நழுவுவது தெரியும். கேலரியில் நெஞ்சதிர உட்கார்ந்தவனுக்கு இந்தப் பாதை முழுசாகக் கிடைப்பதில்லை. தூரம்தான் இங்கே வசதி.

எல்லா லாஞ்சுக்கும் இது பொருந்தாது. ஜிஎஸ்எல்வி, எல்விஎம்-3 போன்ற பெரிய ராக்கெட்டுகள் உயரச் சுற்றுப்பாதைக்குக் கிளம்பினால் பெரும்பாலும் கிழக்கே ஓடும், வடகிழக்கிலேயே தேய்ந்து மறையும். சந்திரயான்-3 போல மதியம் 2:35-க்குக் கிளம்பினால் மாடியில் கிடைப்பது வெள்ளைக் கோடு ஒன்றுதான். அதற்கு நான் பழவேற்காட்டுக்கே ஓட்டுப் போடுவேன், இறால் தொக்கு தனி லாபம். கேலரி வாழ்க்கையில் ஒரு தடவை போதும், அதுவும் சத்தத்துக்காக.

மாடியில் நிற்பவர்களுக்கு ஒரு விஷயம்: போனில் ஓடும் நேரலையை நம்பி நிற்காதீர்கள். அது பல விநாடி பின்தங்கி வரும். போன் "பத்து, ஒன்பது" என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே தணல் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு மேலே வந்துவிட்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள்.

நான் முதல் நாளே மேல்வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்துவிடுவேன், வடக்குப் பக்கக் கொடியில் போர்வை காயப்போட வேண்டாம் என்று. "இன்னாப்பா, மறுபடியும் ராக்கெட்டா?" என்று அலுத்துக்கொள்வார். ராத்திரி எனக்கு முன்னால் மாடியில் நிற்பதும் அவர்தான்.