திவால் மனு எழுதித் தருகிறேன் என்று வருபவரிடம் ஜாக்கிரதை

டெக்சஸுக்குப் புதிதாகக் குடிவந்து, கடன் தாங்காமல் சாப்டர் 7 (விலக்கில்லாத சொத்தை விற்றுக் கடனுக்குக் கொடுத்து, மீதிக் கடனை ரத்து செய்யும் வகை) திவால் மனு போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வேலை போன பிறகு ஒருவர் வந்து, "வக்கீலுக்கு ஏன் அள்ளிக் கொடுக்கணும், நானே முடிச்சுத் தரேன்" என்றார். கோர்ட் கட்டணமும் சேர்த்து என்று 1,200 டாலர் ரொக்கமாக வாங்கினார். கோர்ட் கட்டணம் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே 338 டாலர்தான். அதையும் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். வருமானம் ரொம்பக் குறைவென்றால் தள்ளுபடி கேட்டும் மனு போடலாம். இதையெல்லாம் அவர் மூச்சு விடவில்லை. வக்கீல் அல்லாதவர் கோர்ட் கட்டணத்தைக் கையில் வாங்குவதே சட்டப்படி தப்பு.

அதைவிட மோசம் அவர் நிரப்பிய விலக்குப் பட்டியல், அதாவது கடனுக்காக விற்கப்படாமல் நம்மிடமே தங்கும் உடைமைகளின் பட்டியல். டெக்சஸில் ஒரு குடும்பத்துக்கு 1,00,000 டாலர் வரை உடைமைகள் தப்பும், அதற்குள் நகைக்கு 25,000 வரை என்றார். கணக்கு சரிதான், ஆனால் எங்களுக்குச் செல்லாது. நியூ ஜெர்சியிலிருந்து வந்து எங்களுக்கு இரண்டு வருடம் ஆகவில்லை. மனு போடும் நாளுக்கு முந்தைய 730 நாளும் டெக்சஸிலேயே இருந்திருந்தால்தான் டெக்சஸ் விலக்கு. இல்லையென்றால், அந்த 730 நாளுக்கும் முந்தைய 180 நாளில் அதிகம் எங்கே இருந்தோமோ அந்த மாநிலச் சட்டம்.

மனு போட்ட பிறகு ஜூமில் நடந்த மீட்டிங்கில், மனுவையும் சொத்தையும் சரிபார்க்கும் டிரஸ்டி முதலில் கேட்டதே பழைய முகவரியைத்தான். அடுத்து நகை. என் மனைவி தாலிக்கொடியைப் புடவைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். மனுவைத் தயாரித்தவர் பெயர், கையெழுத்து, வாங்கிய கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை, நாங்களே எழுதியதுபோல் கொடுத்திருக்கிறார். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை.

கடைசியில் வக்கீலிடமே போனோம். நியூ ஜெர்சியின் சொந்த விலக்கு வெறும் 1,000 டாலர் பொருளுக்குத்தான். ஆனால் மத்திய அரசின் பட்டியலையும் தேர்ந்தெடுக்க அது விடுகிறது. அதில் நகைக்கு ஆளுக்கு 2,125தான். சொந்த வீடு இல்லாததால், எந்தப் பொருளுக்கும் போட்டுக்கொள்ளும் 1,675-உடன் வீட்டு விலக்கில் மிஞ்சிய 15,800 வரை சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலைத் திருத்திக் கொடுத்தார், தாலிக்கொடி தப்பியது.

திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான யு.எஸ். டிரஸ்டி அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இப்படி எழுதித் தருபவர் கோர்ட் கட்டணம் கேட்டாலோ, எந்த விலக்கு எடுக்கலாம் என்று ஆலோசனை சொன்னாலோ நீங்களும் அங்கே புகார் செய்யலாம். வாங்கிய கூலியைத் திருப்பித் தரச் சொல்லவும், அபராதம் போடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.