மாதவிடாய் வலிக்கு டென்ஸ் கருவியா, மாத்திரையா?

பொறுத்துக்கொள் என்ற அறிவுரையைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் வளரும் பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே மாத்திரை, ஒத்தடம், டென்ஸ் எனப்படும் மின்தூண்டல் ஆகிய மூன்றையும் இங்கே எடைபோட விரும்புகிறேன்.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்படலத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாகச் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்கி, அதற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பதால்தான் வலி எழுகிறது. இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே மட்டுப்படுத்துகின்றன. ஆகவே, வலி முற்றும்வரை காத்திராமல், தொடங்கிய உடனேயே உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் அவை நன்றாக வேலை செய்யும். அவற்றை உட்கொள்ளத் தடையில்லாத பெண்ணுக்கு, என் கணிப்பில், முதல் தேர்வு மாத்திரைதான்.

டென்ஸ் கருவி வலியின் மூலத்தைத் தொடுவதில்லை. அடிவயிற்றிலோ இடுப்பின் பின்புறத்திலோ ஒட்டும் பட்டைகள் வழியாக அது மெல்லிய மின்துடிப்புகளைத் தோலுக்கு அனுப்புகிறது. 1965இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, இத்தூண்டல் தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலேறுவதைத் தடுக்கிறது. நொடிக்கு 50 முதல் 120 துடிப்புகள் வரையிலான உயர் அதிர்வெண்ணில், குறுகுறுப்பு பலமாகத் தெரிந்தும் வலிக்காத அளவில் வைப்பதே வழக்கம். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இது வலியைக் குறைப்பதாகத் தெரிந்தாலும், அவ்வாய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கருப்பையையே குணப்படுத்தும் என்று யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

ஆயினும் கோலாலம்பூர் வாழ்க்கைக்கு இக்கருவி பொருந்தும் இடங்கள் உண்டு. பாஜு குரோங்குக்கோ சுடிதாருக்கோ உள்ளே மறைந்திருக்கும். அலுவலக மேசையிலும் எல்ஆர்டி ரயிலிலும் பயன்படுத்தலாம். ஆனால் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டும்போதும், குளிக்கும்போதும், உறங்கும்போதும் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டுப் பட்டையின் பிடிப்பு தளர்வதால், தோலைத் துடைத்து உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும்.

வயிற்றுப்புண், சிறுநீரக நோய், வலிமாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களுக்கு முன்சொன்ன மாத்திரைகள் ஆகா. டெங்கிக் காய்ச்சல் ஓயாத இந்நகரத்தில் இன்னொன்றும் முக்கியம்: காய்ச்சலோடு மாதவிடாயும் வந்தால், டெங்கி இல்லை என உறுதியாகும்வரை இபுபுரூஃபனையும் மெஃபெனமிக் அமிலத்தையும் தொடக்கூடாது, ஏனெனில் இரத்தக்கசிவு அபாயம் கூடிவிடும். அத்தகைய நாள்களில் பாராசிட்டமோலுடன் டென்ஸ் துணைநிற்கும். இதயமுடுக்கி பொருத்தியவர்களும் கருவுற்றிருக்கக்கூடியவர்களும் கருவியைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சுடுநீர்ப்பை ஒத்தடம் மலிவானது, பலன் தருவது, இரண்டோடும் சேர்த்துக்கொள்ளலாம். சூடு தாங்கும் அளவில் இருந்தால் போதும். மின்பட்டை ஒட்டிய இடத்தின்மேல் மட்டும் வைக்கக்கூடாது.

மூன்றுக்கும் அடங்காத வலி, மாதந்தோறும் கூடிவரும் வலி, மாதவிடாய் இல்லாத நாள்களிலும் தொடரும் வலி ஆகியவற்றுக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) காரணமாக இருக்கலாம் என்பதால், மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக்கூடாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் அந்நோய் இல்லை என்று ஆகிவிடாது.