பிட்யூட்டரி அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: ஹார்மோன் பிரிவின் கவனிப்பு எப்படி?

சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அம்மாவின் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) கட்டி மூக்கின் வழியாக அகற்றப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஹார்மோன் பிரிவினர் கவனித்துக்கொண்ட விதத்தைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினின் அளவைப் பார்த்தார்கள்; அது மிக அதிகமாக இருந்தால் பெரும்பாலும் அதைக் குறைத்துக் கட்டியையும் சுருக்கும் கேபர்கோலின் மாத்திரையே போதும், அறுவை தேவைப்படாது என்று மருத்துவர் விளக்கியது எங்களுக்குப் புதிய செய்தி. காலை 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில், உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோனான கார்டிசோலும் தைராய்டு ஹார்மோனும் குறைந்திருந்தன. முதலில் கார்டிசோலை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்டிசோனைத் தொடங்கி, அதன் பிறகே தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்சினைச் சேர்த்தார்கள். வரிசை மாறினால் கார்டிசோல் பற்றாக்குறை முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இந்த நிதானத்தைப் பெரிதும் மதிக்கிறேன்.

அறுவைக்கு மறுநாள் இரவு அம்மா ஓயாமல் தண்ணீர் கேட்டபோது, செவிலியர் மணிக்கொரு முறை சிறுநீரை அளவுக் குவளையில் ஊற்றி, குனிந்து கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அளவுக்கு மீறிய சிறுநீர்ப்போக்கைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மருந்தைக் கொடுத்த பின்பு தாகம் அடங்கியது.

குறை, வீடு திரும்பும்போதுதான் தெரிந்தது. அறுவைக்குப் பின் ஒரு வார வாக்கில் இரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) திடீரென்று இறங்கக்கூடும், ஆகவே 7ஆம் நாள் இரத்தப் பரிசோதனை அவசியம் என்பதை நாங்கள் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரியே இல்லை. இவ்வளவு கட்டணம் வாங்கும் இடத்தில் இது மன்னிக்கக்கூடிய மறதியாகத் தோன்றவில்லை. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவை இரட்டிப்பாக்கவும், வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு உடனே வரவும் சொல்லும் தமிழ்த் துண்டுச்சீட்டு நேர்த்தியாக இருந்தது. அம்மா அதை மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார்.