வெள்ளி விழா சந்திப்பு: கல்லூரி வளாகமா, ஈசிஆர் ரிசார்ட்டா, ஏற்காடா?

1997-ல் திருச்சி ஆர்.இ.சி.யில் (மண்டலப் பொறியியல் கல்லூரி) சேர்ந்து 2001-ல் வெளியே வந்தவர்கள் நாங்கள். 2026-ல் 25 வருடம் நிறைகிறது. எங்கள் பட்டச் சான்றிதழில் இருப்பது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயர். 2003-ல் கல்லூரி என்.ஐ.டி. (தேசிய தொழில்நுட்பக் கழகம்) ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்றுவரை யாரும் என்.ஐ.டி. என்று சொல்வதில்லை.

வெள்ளி விழா சந்திப்பை எங்கே வைப்பது என்று நான்கு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் மூன்று இடங்கள் நிற்கின்றன: துவாக்குடியில் இருக்கும் கல்லூரி வளாகம், ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட், ஏற்காடு. விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். வேறு பேட்ச் ஆட்களுக்கும் உதவலாம்.

ஏற்காட்டை முதலில் முடித்துவிடுகிறேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்காட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அது பட்டியலுக்குள் வந்தது. டிசம்பர் குளிர் சுகம்தான். ஆனால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களை அந்த வளைவுகளில் ஏற்றிக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஊர் சுற்றுவதற்கு ஏற்காடு நல்ல இடம். அறுபது பேர் கூடும் வெள்ளி விழாவுக்கு அது வேண்டாம்.

அப்புறம் ஈசிஆர். இதற்கு ஆதரவு அதிகம், காரணமும் நியாயமானது. ஆர்.இ.சி.யில் பாதி இடங்கள் வெளி மாநிலத்தவருக்கு. அதனால் எங்கள் வகுப்பு பாட்னா, போபால், கோட்டயம் என்று சிதறிக் கிடக்கிறது. சென்னைக்கு எல்லா ஊரிலிருந்தும் விமானம் உண்டு. இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் ரிசார்ட். அறை, சாப்பாடு, இரவு பாட்டுக் கச்சேரி எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வார், குழந்தைகளுக்கு நீச்சல் குளம் இருக்கும். ஏற்பாடு செய்பவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் செலவைப் பார்க்க வேண்டும். நாங்கள் கேட்ட மூன்று இடங்களிலும், இரண்டு இரவு, அறைக்கு இரண்டு பேர் என்று போட்டால் ஆளுக்கு 14,000-லிருந்து 20,000 ரூபாய் சொன்னார்கள். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை சொல்வதுதான் விலை. குடும்பத்தோடு வந்தால் அரை லட்சம் போய்விடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது கணக்கே இல்லை. ஆனால் வேலையை விட்டவர்களும், சொந்தத் தொழிலில் அடிபட்டவர்களும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் பணத்தைக் காரணமாகச் சொல்லவே மாட்டார்கள். "அந்த வாரம் வேலை இருக்கு" என்று ஒரு செய்தி போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். 2011-ல் பத்தாண்டு சந்திப்பின்போது இதை நேரில் பார்த்தேன்.

மழையையும் யோசிக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அடுத்த டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். மாதக் கடைசி என்றால் ஆபத்து குறைவுதான், ஆனால் முன்பணத்தைக் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சரி, வளாகம். தஞ்சாவூரில் இருக்கும் என் ஓபல் பெண்கள் விடுதித் தோழிக்குப் போன் செய்தேன். முதல் செமஸ்டரில் எனக்கு கிராபிக்ஸ் என்ற வரைபடப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவள். மாமியார் படுத்த படுக்கை என்பதால் எட்டு வருடமாக வீட்டிலேயே இருக்கிறாள். அவள் சொன்னாள்: "ஈசிஆர்னா ரெண்டு ராத்திரி வீட்டை விடணும்டி, முடியாது. காலேஜ்னா சொல்லு. காலையில பஸ் ஏறுனா ஒன்பது மணிக்குத் துவாக்குடியில இறங்கிடுவேன். சாயங்காலம் திரும்பிடலாம்." தஞ்சாவூர்-திருச்சி பஸ் கல்லூரி வாசல் வழியாகத்தான் போகிறது. அந்த ஒரு பஸ்ஸுக்காகவே என் ஓட்டு வளாகத்துக்கு.

வகுப்பில் பெண்கள் பதினொரு பேர். அவர்களில் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். ஐந்து பேர் ஒருநாள் நிகழ்ச்சி என்றால் உறுதியாக வருவதாகச் சொன்னார்கள், ரிசார்ட் என்றால் இரண்டு பேர்தான். குழுவில் கை தூக்கச் சொன்னபோது இது தெரியவில்லை, தனித்தனியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஆசிரியர்கள் விஷயமும் அப்படித்தான். நாங்கள் தேடிப் பிடித்த ஆறு பேரில் ஐந்து பேர் திருச்சியிலேயே இருக்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் லேப் எடுத்த சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "லேப் பக்கம் போய்ப் பார்க்க விடுவாங்களாம்மா?" கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவர் மனைவியிடம் திரும்பி, வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்வது போனிலேயே கேட்டது. எண்பதை நெருங்கும் மனிதரை ரிசார்ட்டின் புல்வெளியில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தலாம். ஆனால் அவர் பார்க்க நினைக்கும் ஆசிலாஸ்கோப் மேசை அங்கே கிடையாது.

வளாகத்தில் சிரமங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். கல்லூரியிடம் முறையாக எழுதி அனுமதி வாங்க வேண்டும். கல்லூரி அரங்கமான பார்ன் ஹால் கிடைக்குமா, விடுதிகளைச் சுற்றிப் பார்க்கலாமா என்பதெல்லாம் அவர்களுடைய நாட்காட்டியைப் பொறுத்தது. இரவு கேளிக்கைக்கு வளாகம் இடமில்லை. தங்குவதற்குத் திருச்சி நகரத்துக்குத்தான் வர வேண்டும், இருபது கிலோமீட்டருக்கு மேல். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, ராப்பத்து நடக்கும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் நல்ல அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏகாதசி எந்தத் தேதி என்று பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது.

போக்குவரத்தில் திருச்சி முன்பு போல இல்லை. புது விமான முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த விமான நிலையமும் துவாக்குடியும் திருச்சிக்கு ஒரே பக்கத்தில்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு நேரடி விமானங்கள் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்கள் சென்னையில் இறங்கி வந்தே பாரத்தில் வரலாம், இல்லையென்றால் எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறலாம். ராத்திரி ரயிலில் ஒன்றாகப் படுத்து வருவதே பாதி சந்திப்பு ஆகிவிடும். மதியச் சாப்பாடு, அரங்கம், நினைவுப் பரிசு, வண்டி, நகரத்தில் ஓர் இரவு அறை எல்லாம் சேர்த்தாலும் ஆளுக்கு 6,000 ரூபாய்க்குள் முடியும் என்பது என் கணக்கு. பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு போதும்.

பணம் வசூலிப்பதிலும் ஒரு கோரிக்கை. யார் கொடுத்தார்கள், யார் பாக்கி என்ற பட்டியலைக் குழுவில் போட வேண்டாம். பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். முடிந்தவர்கள் கூடுதலாகப் போடட்டும், குறைகிற இடத்தில் அவர் சத்தமில்லாமல் நிரப்பட்டும்.

நாள் எது? மே மாதம் என்றால் திருச்சி வெயில். எங்கள் வயதுக்காரர்களின் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவதில் இருக்கிறார்கள், நீட் தேர்வும் மே தொடக்கத்தில்தான் வரும். ஜனவரியில் ஜே.இ.இ. வந்துவிடும். 2026-ல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. எனவே ஏகாதசித் தேதி இடிக்கவில்லை என்றால் டிசம்பர் 26, சனிக்கிழமை, வளாகத்தில் முழு நாள். ரிசார்ட் வேண்டும் என்பவர்கள் 27-ம் தேதி காலை கிளம்பி மாமல்லபுரம் போகட்டும், அந்தச் செலவு அவரவருடையது. முதல் நாளை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுவோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஓட்டெடுப்பு. அதற்கு முன் பேசாமல் இருக்கும் இருபது பேருக்கு ஆளுக்கு ஒருவராகப் போன் செய்யலாம். ஓபல் எண்கள் என்னிடம் இருக்கின்றன, அவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.